58,000 ரூபாய் ஹேண்ட்பேக்: கார்டா, ஜிபேயா, கேஷ் ஆன் டெலிவரியா?

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகிறது, மனைவிக்கு ஒரு நல்ல வெளிநாட்டு பிராண்டு ஹேண்ட்பேக் வாங்கித் தர ஆசை. பெரிய ஷாப்பிங் தளம் ஒன்றில் அந்தப் பை 72,000 ரூபாய். இன்ஸ்டாகிராமில் ஒருவர் அதையே 58,000-க்குத் தருவதாகச் சொல்கிறார். "ஒரிஜினல்தான் சார், பில்லோட தர்றேன். கார்டுன்னா 2% சேர்த்து ஆகும், ஜிபே பண்ணிடுங்க" என்றாராம். எங்கே வாங்குவது, எப்படிப் பணம் கட்டுவது என்று வாசகர் கேட்கிறார். வாட்ச்சுக்கும் கூலிங் கிளாஸுக்கும் இதே கேள்வியோடு வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள்.

அந்த 2 சதவீதத்திலிருந்தே தொடங்குகிறேன். 58,000-க்கு 2% என்றால் 1,160 ரூபாய். அதை மிச்சம் பிடிக்க ஜிபே பண்ணிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பை போலியாக வந்தால், வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க கார்டில் ஒரு வழி இருக்கிறது. ஜிபே பண்ணினால் அந்த வழி அநேகமாக அடைபட்டுவிடும். அதாவது 58,000 ரூபாயைத் திரும்பக் கேட்கும் வாய்ப்பை 1,160 ரூபாய்க்கு விற்கிறோம். நான் விற்க மாட்டேன். ஏன் என்பதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன். வேறு வழிகள் நல்லவையாக இருக்கும் இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஒவ்வொரு வழியிடமும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

1. பணம் எந்தக் கட்டத்தில் விற்பவர் கைக்குப் போகிறது? பொருளைப் பார்ப்பதற்கு முன்பா, பின்பா?
2. பொருள் வராவிட்டாலோ போலியாக வந்தாலோ, விற்பவரைத் தவிர வேறு யாரிடம் போய்க் கேட்கலாம்?
3. நம் கார்டு எண்ணோ கணக்கு விவரமோ திருடுபோனால், அதிகபட்சம் எவ்வளவு போகும்?
4. விலையில் தெரியாத செலவு என்ன?

இதில் இரண்டாவது கேள்விதான் பெரியது. அங்கேதான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். "ஏமாந்தா பேங்க் திருப்பிக் கொடுத்துடும், ரிசர்வ் வங்கி ரூல் இருக்கு" என்று சொல்வார்கள். ரூல் இருப்பது உண்மைதான். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. நமக்குத் தெரியாமல், நம் பக்கமும் வங்கி பக்கமும் தவறில்லாமல், வேறு எங்கோ நடந்த கோளாறால் கணக்கிலிருந்து பணம் போனால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் நமக்கு இழப்பே இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் சொன்னால், கணக்கின் வகையைப் பொறுத்து ஓர் உச்சவரம்பு வரை நாம் ஏற்க வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கு, 5 லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டு போன்றவற்றுக்கு அது 10,000 ரூபாய்.

ஆனால் இந்த விதி, நாம் செய்யாத பரிவர்த்தனைக்குத்தான். நாமே பின் போட்டு, நாமே அனுப்பிய பணத்துக்கு இது பொருந்தாது. போலிப் பை வந்த கேஸ் இரண்டாவது வகை. அங்கே உதவுவது கார்டு நிறுவனங்களின் சார்ஜ்பேக் முறை (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது), ஷாப்பிங் தளத்தின் ரிட்டர்ன் விதி, நுகர்வோர் சட்டம் ஆகிய மூன்றும்தான். எந்த வழியில் கட்டினோம் என்பதைப் பொறுத்து, இந்த மூன்றில் எத்தனை நம் கையில் இருக்கும் என்பது மாறும்.

## ஒரே பார்வையில்

| வழி | பணம் எப்போது போகிறது | போலி வந்தால் | தெரியாத செலவு | எப்போது சரி |
|---|---|---|---|---|
| கிரெடிட் கார்டு | முதலில், ஆனால் வங்கியின் பணம் | சார்ஜ்பேக் கேட்கலாம் | வெளிநாட்டுத் தளத்தில் மார்க்அப் (வங்கி சேர்க்கும் கூடுதல் கட்டணம்). பில் தவறினால் வட்டி | புதிய கடை, பெரிய தொகை |
| டெபிட் கார்டு | முதலில், நம் பணம் | சார்ஜ்பேக் உண்டு, முடியும் வரை பணம் கையில் இல்லை | கணக்கு முழுதும் திறந்து கிடக்கும் | கிரெடிட் கார்டு இல்லாதபோது |
| யூபிஐ | உடனே | தனிநபர் கணக்குக்கு என்றால் மிகக் கடினம் | இல்லை | நம்பகமான தளத்துக்குள். நேரில் பார்த்த பிறகு |
| வங்கிப் பரிமாற்றம் | உடனே | விற்பவரிடம் மட்டுமே கேட்கலாம் | இல்லை அல்லது சொற்பம் | தெரிந்த டீலர், பில், நேரில் பரிசோதனை |
| கேஷ் ஆன் டெலிவரி | வாசலில் | பிரிக்கும் முன் கட்டினால் கடினம் | கூடுதல் கட்டணம் | திறந்து காட்டி ஒப்படைக்கும் தளம் |
| இஎம்ஐ | முதலில் | கார்டு போலவே, கணக்குச் சிக்கல் அதிகம் | பிராசசிங் கட்டணம், ஜிஎஸ்டி | நம்பகமான பெரிய கடை |

## கிரெடிட் கார்டு

இதன் பெரிய பலம், சண்டை நடக்கும்போது போன பணம் நம்முடையது அல்ல, வங்கியுடையது என்பது.

பொருள் வரவில்லை, சொன்னதற்கு மாறாக வந்தது, போலியாக வந்தது. இந்த மூன்றுக்குமே விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இடம் இருக்கிறது. பெரும்பாலான வகைகளுக்குக் கெடு 120 நாள். அது முழுதும் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் விற்பவருக்கு எழுத்தில் புகார் அனுப்பி, ஒரு வாரத்துக்குள் சரியான பதில் வராவிட்டால் வங்கியிடம் போய்விட வேண்டும். "ரெண்டு வாரம் பொறுங்க மேடம், ரீஃபண்ட் வந்துடும்" என்று நாளைக் கடத்துவது மோசடிக்காரர்களின் வழக்கம்.

சார்ஜ்பேக் தானாகக் கிடைத்துவிடாது. ஆதாரம் வேண்டும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், வாட்ஸ்அப் உரையாடல், கூரியர் எண், பிரிக்காத பார்சலைக் காட்டத் தொடங்கி இடையில் நிறுத்தாமல் எடுத்த வீடியோ ஆகிய எல்லாம் இருக்கட்டும். போலி என்று வாதாட, பிராண்டின் கடையிலோ விவரம் தெரிந்த பரிசோதகரிடமோ எழுத்தில் ஒன்று வாங்க முடிந்தால் வலு கூடும். வங்கி தற்காலிகமாகப் பணத்தை வரவு வைத்தால், கேஸ் தோற்றதும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்குள் செலவழித்துவிட வேண்டாம்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் "ஃபர்ஸ்ட் காப்பி", "மிரர் குவாலிட்டி", "7ஏ" என்று எங்காவது போட்டிருந்தால், போலி என்று சொல்லித்தான் விற்றோம் என்று அவர்கள் தப்பிவிடலாம். விளம்பரத்தின் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

திருட்டு விஷயத்தில் உள்ளூர்த் தளங்களில் நிலைமை நன்றாகவே இருக்கிறது. 2022 அக்டோபர் முதல் கடைகள் நம் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது, அதற்குப் பதில் டோக்கன் எனப்படும் மாற்று எண்தான். ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பும் கட்டாயம். ஆனால் ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் ஆறு எண்ணை மட்டும் பார்க்கிறோம், அதற்கு மேலே இருப்பதைப் படிப்பதில்லை. எவ்வளவு தொகை, யாருக்குப் போகிறது என்று அதிலேயே இருக்கும். பை விற்கும் கடையில் வாங்கும்போது சம்பந்தமே இல்லாத ஒரு பெயர் வந்தால், அந்த எண்ணைப் போடாதீர்கள். சில கடைகள் வேறு கம்பெனிப் பெயரில் பதிவாகியிருக்கும் என்பதும் உண்மை. அதையும் கடையிடம் கேட்டுவிட்டே போடலாம்.

வெளிநாட்டுத் தளங்களில் பல நேரம் ஓடிபி கேட்காமலே பணம் போய்விடும். வங்கி ஆப்பில் சர்வதேசப் பயன்பாட்டுக்குத் தனி சுவிட்ச் இருக்கிறது, உச்சவரம்பும் வைக்கலாம். வாங்கும் நிமிஷத்தில் திறந்து, முடிந்ததும் மூடிவிடுங்கள். செலவையும் கணக்குப் பாருங்கள். 3.5% மார்க்அப் வாங்கும் கார்டாக இருந்தால், அதன் மேல் 18% ஜிஎஸ்டி சேர்ந்து 4.13% ஆகும். ஒரு லட்ச ரூபாய்ப் பொருளுக்கு 4,130 ரூபாய். "ரூபாயிலேயே பில் போடட்டுமா?" என்று தளம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் இன்னும் மோசமாக இருக்கும்.

ஒரு மாதம் பில் கட்டத் தவறினால் வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதத்துக்கு மேல்கூட ஆகலாம். வருஷத்துக்கு 42%. கையில் பணம் இல்லாமல் கார்டில் வாங்குபவருக்கு, இங்கே சொன்ன பாதுகாப்பெல்லாம் வட்டியிலேயே கரைந்துவிடும்.

## டெபிட் கார்டு

சார்ஜ்பேக் இதற்கும் உண்டு. ஆனால் முடிவு வரும்வரை வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில், போனது நம் சொந்தப் பணம். சம்பளக் கணக்கின் கார்டைக் கொடுக்காமல், தேவையான தொகை மட்டும் இருக்கும் இன்னொரு கணக்கின் கார்டைக் கொடுங்கள்.

## யூபிஐ

தினமும் காய்கறிக் கடையில் பயன்படுத்துவதால் யூபிஐ மேல் நமக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. தொழில்நுட்பத்தில் அது பாதுகாப்பானதுதான். பணம் வழியில் தொலைவதில்லை. கடைக்குக் கட்டும்போது கணக்கில் கழிந்தும் கடைக்குப் போய்ச் சேராவிட்டால், ஐந்து நாளுக்குள் திரும்பிவிட வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். போகவேண்டிய ஆளுக்கே சரியாகப் போய்ச் சேர்ந்த பணத்தை, "அவர் ஏமாற்றிவிட்டார்" என்று திரும்ப வாங்குவது மிகக் கடினம். தனிநபர் கணக்குக்கு அனுப்பியிருந்தால் இன்னும் கடினம்.

ஆகவே விற்பவர் தனிநபர் கணக்கில் வாங்குகிறாரா, வியாபாரக் கணக்கிலா என்று முதலில் பாருங்கள். ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயோடு இணைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. அந்தக் கார்டிலிருந்து தனிநபருக்குப் பணம் போகாது, வியாபாரிக்கு மட்டுமே போகும். விற்பவரின் க்யூஆர் கோடில் கிரெடிட் கார்டு வேலை செய்யவில்லை என்றால், அது தனிநபர் கணக்காகவோ மிகச் சிறிய வியாபாரக் கணக்காகவோ இருக்க வாய்ப்பு அதிகம். 60,000 ரூபாய்ப் பைகளை வரிசையாக விற்பவருக்கு அப்படி ஒரு கணக்கு ஏன் என்று கேட்கத்தான் வேண்டும். பின் போடும் முன் திரையில் வரும், வங்கியில் பதிவான கணக்குக்காரர் பெயரையும் படியுங்கள். கடைப் பெயர் ஒன்று, கணக்குப் பெயர் யாரோ ஒரு தனிமனிதர் என்றால் நிறுத்துங்கள்.

"ரீஃபண்ட் அனுப்பியிருக்கேன், பின் போட்டு வாங்கிக்கோங்க" என்று யார் சொன்னாலும் பொய். பணம் வாங்கப் பின் தேவையே இல்லை.

பெரிய ஷாப்பிங் தளத்துக்குள் யூபிஐயில் கட்டுவது வேறு கதை. அங்கே தளத்தின் ரிட்டர்ன் விதி நமக்குப் பின்னால் நிற்கிறது. ஆப்பை விட்டு வெளியே வந்து, "நேரா எனக்கே அனுப்பிடுங்க, 10% குறைச்சுத் தர்றேன்" என்று அந்தத் தளத்தின் விற்பனையாளரே கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

## வங்கிப் பரிமாற்றம்

நெஃப்ட், ஐஎம்பிஎஸ் வழிகளில் தொகை வரம்பு பெரிது என்பதால் வாட்ச் வியாபாரத்தில் இது சகஜம். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க விற்பவருக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதால், பெரிய தொகைக்கு இதைத்தான் கேட்பார்கள். அதில் தப்பில்லை. பழைய வாட்ச் ஒன்றைத் தெரிந்த டீலரிடம் வாங்குகிறீர்கள், கடைக்குப் போய்ப் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லி, வரிசை எண்ணை வாரன்டி கார்டோடு ஒப்பிட்டுவிட்டீர்கள் என்றால், அங்கேயே உட்கார்ந்து பணத்தை அனுப்பலாம். வீட்டிலிருந்தபடி, பார்க்காத பொருளுக்கு இப்படி அனுப்பக் கூடாது.

2025 ஏப்ரல் முதல் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதியை வங்கிகள் தர வேண்டும். அதற்கு முன்பெல்லாம் நாம் என்ன பெயர் எழுதினாலும் கணக்கு எண்ணைப் பார்த்தே பணம் போய்ச் சேர்ந்துவிடும். அந்த வசதியைப் பயன்படுத்துங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வாட்ச், கைப்பை போன்றவற்றுக்கு 2025 ஏப்ரல் 22 முதல் 1% டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்கிறார்கள். அது வருமான வரிக் கணக்கில் வரவாகிவிடும். நேர்மையான கடை அதைப் பில்லில் காட்டும்.

## கேஷ் ஆன் டெலிவரி

"கையில் வந்த பிறகுதானே பணம், இதைவிடப் பாதுகாப்பு என்ன?" என்று நானும் நினைத்திருந்தேன். சில வருஷங்களுக்கு முன் அப்பாவின் பிறந்தநாளுக்காக ஒரு பிராண்டு கூலிங் கிளாஸ் ஆர்டர் செய்தேன். 6,500 ரூபாய். வாசலில் வந்த தம்பியிடம் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பணம் கட்டினாத்தான் பார்சல் கொடுக்க முடியும்க்கா, எங்க ரூல் அப்படி" என்றார். கட்டினேன். பிரித்தால் ரோட்டோரத்தில் 200 ரூபாய்க்குக் கிடைக்கும் கண்ணாடி. அந்தத் தம்பி இன்னும் தெருமுனைகூடத் தாண்டவில்லை, ஓடிப்போய்க் கேட்டேன். பாவம், அவரால் ஒன்றும் செய்ய முடியாது. வாங்கிய பணம் கம்பெனிக் கணக்கில் ஏறிவிட்டது. விற்ற தளம் பதிலே போடவில்லை. எனக்குப் பணத்தைவிட, அப்பாவிடம் அந்தப் பெட்டியைக் கொடுக்க முடியாமல் போனதுதான் இன்றும் வலிக்கிறது.

ஆக, கேஷ் ஆன் டெலிவரியில் "பொருள் வரவில்லை" என்ற ஆபத்துதான் போகிறது. "போலி வந்தது" என்ற ஆபத்து அப்படியே நிற்கிறது. ரொக்கம் என்பதால் சார்ஜ்பேக்கும் இல்லை. டெலிவரி செய்பவர் முன்னிலையிலேயே திறந்து காட்டி ஒப்படைக்கும் வசதி சில பெரிய தளங்களில் உண்டு. அது இருந்தால் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். இருந்தாலும் தோலின் தரத்தையும் தையலையும் வாசலில் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடிக்கும் கண் எல்லோருக்கும் இருக்காது. விலை அதிகமான பொருள்களுக்குப் பல தளங்கள் இந்த வழியையே தருவதில்லை. "பாதி முன்பணம், மீதி டெலிவரியில்" என்று யாராவது சொன்னால், அந்தப் பாதியைத் தனி வியாபாரமாக நினைத்து, மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் அதற்கும் கேளுங்கள்.

## நோ காஸ்ட் இஎம்ஐ

வட்டியே இல்லாத இஎம்ஐ என்று ஒன்று கிடையாது. இதை ரிசர்வ் வங்கியே 2013-இல் சொல்லிவிட்டது. வட்டித் தொகையைக் கடை தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். வட்டி 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதன் மேல் 18% ஜிஎஸ்டியாக 720 ரூபாயும், பிராசசிங் கட்டணமும் நம் தலையில் விழும். பொருளைத் திருப்பி அனுப்பினால் இந்தக் கட்டணங்கள் திரும்பி வருவது அரிது. ரிட்டர்ன் முடிந்த பிறகும் இஎம்ஐ ஓடிக்கொண்டிருந்தால், வங்கியிடம் தனியாகக் கேட்டு நிறுத்த வேண்டும். புதிய, தெரியாத கடையில் இதைத் தொடாதீர்கள்.

## வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் வாங்கி அனுப்பினால்?

லண்டன், டொரன்டோவில் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் நிறையப் பேர் இதை யோசிக்கிறார்கள். பிரிட்டனில் அண்ணன் தன் கிரெடிட் கார்டில் தனக்காக வாங்குகிறார் என்றால் அவருக்குச் சட்டத்தின் பலமே இருக்கிறது. 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 75-ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான பொருளுக்குக் கடையோடு சேர்த்துக் கார்டு கம்பெனியும் பொறுப்பு. பேபால் வழியாகக் கட்டினால் 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். ஆனால் "நண்பர்கள், குடும்பத்தினர்" என்ற வகையில் அனுப்பினால் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. விற்பவர் அதைத்தான் கேட்பார், கட்டணம் மிச்சம் என்பார். 2% கதையேதான் இதுவும்.

கூரியரில் அனுப்பினால் இங்கே சுங்க வரி தனி. "கிஃப்ட்னு எழுதி அனுப்பு" என்ற பழைய யோசனைக்கு 2019 டிசம்பரிலேயே சலுகை போய்விட்டது. அந்தப் பார்சலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் "கஸ்டம்ஸ்லேருந்து பேசுறோம், டியூட்டியை இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்க" என்று அழைப்பு வந்தால், அது மோசடி. சுங்கத் துறை யாருடைய சொந்தக் கணக்கிலும் வரி வசூலிப்பதில்லை.

## பணம் கட்டும் முன் ஒரு சோதனை

எப்படிக் கட்டுவது என்பதற்கு முன்னால், இந்தப் பொருள் இந்த இடத்தில் கிடைக்கவே வாய்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஷனெல் தன் கைப்பைகளை இணையத்தில் விற்பதில்லை. ரோலக்ஸ் தன் தளத்தில் வாட்ச் விற்பதில்லை, புது வாட்ச் அங்கீகாரம் பெற்ற கடைகளில்தான். லூயி வித்தோன் தள்ளுபடி விற்பனை நடத்துவதில்லை. "புத்தம் புது ஷனெல், 60% தள்ளுபடி" என்று ஒரு தளம் சொன்னால், எந்தக் கார்டில் கட்டுவது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. மற்ற பிராண்டுகளுக்கு, அதன் அதிகாரப்பூர்வத் தளத்தில் கடைகளின் பட்டியல் இருக்கும். நீங்கள் வாங்கப்போகும் கடை அதில் இருக்கிறதா பாருங்கள்.

## ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு

மோசடி என்று தெரிந்த அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க வாய்ப்பு இருப்பது அந்த முதல் சில மணி நேரத்தில்தான். அப்புறம் வங்கிக்குச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) இலவசமாக முறையிடலாம். கடை நிஜமானது, ஆனால் ரீஃபண்ட் தர மறுக்கிறது என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்பவர் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்.

## திருநெல்வேலி வாசகருக்கு

பெரிய தளத்தில், அந்த பிராண்டின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்தானா என்று உறுதி செய்துகொண்டு, 72,000-க்குக் கிரெடிட் கார்டில் வாங்குங்கள். பில் தேதிக்குள் முழுத் தொகையும் கட்ட முடியுமானால் மட்டும். முடியாதென்றால் இரண்டு மாதம் சேர்த்துவிட்டு வாங்கலாம்.

இன்ஸ்டாகிராம் விற்பனையாளரிடம் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்க ஆசை என்றால், அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஜிஎஸ்டி எண்ணோடு பில்லின் மாதிரி ஒன்று, அப்புறம் கார்டில் கட்டுவதற்கான லிங்க். "2% நானே தர்றேன்" என்று நீங்களே சொல்லுங்கள். மொத்தம் 59,160 ரூபாய், அப்போதும் 12,840 ரூபாய் குறைவு. நிஜமான வியாபாரி என்றால் பத்து நிமிஷத்தில் லிங்க் வந்துவிடும். "கார்டு மெஷின் ரிப்பேர் சார், இன்னிக்கு மட்டும் ஜிபே பண்ணிடுங்க, ஸ்டாக் ஒண்ணுதான் இருக்கு" என்று பதில் வந்தால் அந்த உரையாடலை அங்கேயே மூடிவிட்டு, 72,000 ரூபாய்ப் பையை ஆர்டர் செய்யுங்கள்.